ஓடுமா, ஓடுகிறதா? இன்னும் வராத வண்டியோடு ஐந்து ஆண்டுகள்

2020 டிசம்பர் முதல் வாரத்தில், கொரோனாவுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஓர் இரவில், வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூட இன்னும் வண்டி கொடுத்திராத ஒரு நிறுவனத்துக்கு 100 டாலர் செலுத்தி வரிசையில் இடம் பிடித்தேன். நிறுவனத்தின் பெயர் ஆப்டெரா. கிரேக்க மொழியில் அதற்கு இறக்கையற்றது என்று பொருள். நான் குடியிருக்கும் சான் டியேகோ வட்டாரத்திலேயே அது இயங்குகிறது என்பது என் ஆர்வத்துக்குப் பாதிக் காரணம். முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று சக்கரங்கள், இரண்டே இருக்கைகள், மேற்புறத்தில் சூரிய மின்தகடுகள், பக்கவாட்டில் பார்த்தால் இறக்கையைக் கழற்றி வைத்த சிறு விமானத்தின் தோற்றம். இப்படி ஒரு வண்டியை 25,900 டாலர் விலையிலிருந்து தருவதாகச் சொன்னார்கள். சிறப்புப் பதிப்பாக அறிவித்த 330 வண்டிகளும் ஒரே நாளில் பதிவாகிவிட்டன. 2025 இறுதியில் இதை எழுதும்போது அந்த வண்டி இன்னும் விற்பனைக்கு வரவில்லை. ஆனாலும் நான் என் முன்பதிவைத் திரும்பப் பெறவில்லை. ஏன் பெறவில்லை என்பதையும், இடைப்பட்ட ஆண்டுகளில் ஓர் ஆதரவாளனாக நான் செய்த தவறுகளையும், இதே ஆசை உள்ள மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன்பே ஒருமுறை சூடு பட்டவன் நான். பெயர் வேண்டாம், வேறொரு மாநிலத்தில் இருந்த ஒரு சிறு மின்சார வண்டி நிறுவனத்துக்கு, திரும்பக் கேட்க முடியாத முன்பணமாக 400 டாலர் கட்டியிருந்தேன். திரும்பக் கிடைக்காது என்ற வரியைப் படிக்காமல் கட்டவில்லை. படித்துவிட்டுத்தான், நான் ஒன்றும் வேடிக்கை பார்க்க வந்தவன் இல்லை என்று காட்டிக்கொள்வதற்காகவே அந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன். மாதந்தோறும் வந்த கடிதங்கள் காலாண்டுக்கு ஒன்றாயின, பிறகு நின்றன. பணம் போனதைவிட, அந்த வரியைப் படித்தபோது எனக்குள் எழுந்த பெருமிதத்தை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே இரண்டாம் முறை இரண்டு கேள்விகளோடு அமர்ந்தேன். கட்டும் பணம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால், அதுவரை அந்தப் பணம் எங்கே இருக்கும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள்; இரண்டாவதைக் கேட்பவர்கள் மிகவும் குறைவு. திருப்பித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த நிறுவனம் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைத்திருக்கிறது என்று பொருளில்லை. பல இடங்களில் அது அன்றாடச் செலவுக்குப் போய்விடும், நிறுவனம் நொடித்தால் நாம் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நிற்போம். முன்பதிவு செய்தவரின் கோரிக்கை மற்றக் கடன்களெல்லாம் தீர்ந்த பிறகே கவனிக்கப்படும் என்று எழுதியுள்ள ஒப்பந்தங்களும் உண்டு. ஆகவே நான் எனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். நாளையே காணாமல் போனாலும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசாத அளவுக்குத்தான் முன்பதிவுத் தொகை இருக்க வேண்டும். 100 டாலர் அந்த எல்லைக்குள் இருந்தது.

பிறகு கணக்கு. நான் தொழிலால் மின்னியல் பொறியாளன், ஆகவே விளம்பர வாசகத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்களை எடுத்தேன். வண்டியின் மேல் 700 வாட் மின்தகடு, ஒரு மைலுக்கு 100 வாட்மணி மட்டுமே செலவு, அதனால் வெயிலில் மட்டும் நாளொன்றுக்கு அதிகபட்சம் 40 மைல் என்பது அவர்கள் சொன்னது. வழக்கமான மின்சாரக் கார் மைலுக்கு 250 முதல் 300 வாட்மணி வரை தின்னும். அதில் பாதிகூட இல்லாமல் இது ஓட முடியுமா என்றால், காற்றெதிர்ப்புக் கெழு 0.13 என்பது உண்மையானால் முடியும். சாதாரணக் கார்களுக்கு அது 0.25க்கு மேல் இருக்கும், நெடுஞ்சாலையில் மோட்டார் செய்யும் வேலையில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதுதான். எங்கள் ஊரில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம் முழு வெயிலுக்கு நிகரான ஒளி கிடைக்கும். 700ஐ ஐந்தரையால் பெருக்கினால் 3,850 வாட்மணி. அதாவது 38 மைல். ஆனால் தகடுகள் வளைந்த உடலில் வெவ்வேறு திசைகளைப் பார்த்துக் கிடக்கின்றன, சூட்டில் அவற்றின் திறன் குறையும், மின்கலத்துக்குள் போகும் வழியிலும் இழப்பு உண்டு. இவற்றுக்கெல்லாம் சேர்த்து 30 சதவீதம் கழித்தால் 27 மைல் வருகிறது. கடலோரத்தில் மே, ஜூன் மாதங்களில் முற்பகல் முழுக்கச் சாம்பல் மேகம் கவிந்து கிடக்கும். அந்நாள்களில் இன்னும் குறையும். என் அலுவலகம் 11 மைல் தொலைவில் இருக்கிறது, போய்வர 22. ஆக, அவர்கள் சொன்ன அளவுக்கு வராவிட்டாலும் எனக்குப் போதும் என்ற முடிவுக்கு வந்தேன். நிறுவனத்தின் மீது நம்பிக்கை வைக்கும் முன் இயற்பியல் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டது நல்லதாயிற்று. பின்னாளில் தேதிகள் தள்ளிப் போனபோது, என் நம்பிக்கை முழுவதும் தேதிகளின் மேல் நின்றிருக்கவில்லை.

ஆதரவாளனாக வேலை தொடங்கியது அதன் பிறகு. ஊரில் மின்சார வாகன விரும்பிகள் பூங்காக்களிலும் கடைத்தொகுதிகளின் வாகன நிறுத்தங்களிலும் கூடுவது வழக்கம். அவரவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, கேட்பவர்களுக்கு விளக்குவார்கள். எனக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. ஒரு மடக்கு மேசை, நானே அச்சிட்ட இரண்டு படங்கள், சிறு சூரிய மின்தகடு ஒன்று, இவற்றோடு போய் உட்காருவேன். வண்டி இல்லாத மேசைக்குத்தான் எப்போதும் கூட்டம் அதிகம் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. இருக்கிற காரைப் பார்த்தவுடன் மனிதர்களுக்கு அதன் குறை தெரிந்துவிடுகிறது. இல்லாத காருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அங்கேதான் என் பேச்சில் ஒரு பிசகு இருப்பதைக் கண்டுகொண்டேன். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என் அப்பா. மதுரையில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் வண்டியைப் பற்றி உற்சாகமாக அளந்துகொண்டிருந்தேன்: வெயிலிலேயே ஒரு நாளைக்கு இத்தனை மைல் ஓடும், ஒருமுறை மின்னேற்றினால் 400 மைல் ஓடும், பெரிய மின்கலம் வைத்தால் 1,000 மைல் ஓடும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓடுமாங்கிறது கிடக்கட்டும்ப்பா. ஓடுதா?" என்றார்.

தமிழில் 'ஓடும்' என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. இது நல்ல வண்டி, நன்றாக ஓடும் என்றால் இன்று ஓடுகிற வண்டியைச் சொல்கிறோம். நாளைக்கு ஓடும் என்றால் இனி நடக்கப்போவதைச் சொல்கிறோம். ஒருவேளை ஓடும் என்றால் ஐயத்தைச் சொல்கிறோம். நான் மேசையில் நின்று ஆங்கிலத்தில் பேசினாலும் நினைத்தது தமிழில்தான் போலிருக்கிறது. திட்டமிட்டதையும் அளந்து பார்த்ததையும் ஒரே வாக்கியத்தில், ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் அதைப் பிரித்தறிய வழியே இல்லை. நிறுவனம்கூடத் தன் ஆவணங்களில் 'எதிர்பார்க்கிறோம்', 'வடிவமைத்திருக்கிறோம்' என்று கவனமாகத்தான் எழுதியிருந்தது. அந்தக் கவனத்தையெல்லாம் உரித்தெடுத்துவிட்டு வாக்குறுதியாக மாற்றி விற்றது நான்.

அன்று முதல் ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஓர் அட்டை எழுதி மேசையில் வைக்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் இதுவரை செய்து காட்டப்பட்டவை, வலப்பக்கம் செய்யப்போவதாகச் சொல்லப்பட்டவை. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று மாதிரி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலத்தில், எது வெறும் காட்சிக்கானது, எது உற்பத்திக்கான உண்மையான உதிரிபாகங்களால் ஆனது என்று பிரித்து எழுதுவேன். 2022 செப்டம்பரில் காமா வெளியிடப்பட்டது. உற்பத்தி அச்சுகளில் வார்த்த உடலோடு கூடிய முதல் வண்டி ஓடத் தொடங்கியது 2024இல்தான். இவற்றுக்கு இடையில் இருக்கும் தூரம் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முன்னதைக் கையால் பத்து பேர் சேர்ந்து செய்யலாம், பின்னதற்கு இத்தாலியின் மோடனாவில் கார்பன் இழையைப் பிசினோடு அச்சில் வைத்து அழுத்தும் ஆலையும், அந்த அச்சுகளுக்கான பெருஞ்செலவும் வேண்டும். ஒரு சிறு நிறுவனத்திடம் கேட்கத்தக்க மிக நல்ல கேள்வி, அடுத்த மாதிரி வண்டி எப்போது என்பதைவிட, அச்சுகளுக்குப் பணம் கட்டியாகிவிட்டதா என்பதே என்று இப்போது நினைக்கிறேன்.

வலப்பக்கத்தில் எழுதியவை மாறிக்கொண்டும் இருந்தன. முதலில் சக்கரங்களுக்கு உள்ளேயே மோட்டார் என்றார்கள். ஸ்லோவேனியாவின் எலாஃபே நிறுவனத்தின் மோட்டார்கள் அவை. பொறியாளர்களாகிய எங்களில் பலர் மயங்கியது அதில்தான். 2024இல் அதை விட்டுவிட்டு, முன்சக்கரங்களை இயக்கும் விட்டெஸ்கோ நிறுவனத்தின் ஆயத்த இயக்கத்தொகுதிக்கு மாறினார்கள். நண்பர்கள் சிலர் துரோகம் என்றே பேசினார்கள். எனக்கோ அது நிறுவனம் பெரியவர்களைப் போல முடிவெடுத்த தருணமாகத் தோன்றியது. முதல் நாளில் நாம் விரும்பிய வரைபடத்தை அப்படியே கட்டிக்கொண்டு மூழ்குவதைவிட, பெரிய ஆலையில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் செய்யப்படும் பாகத்தை வாங்கிப் பொருத்துவது மேல். எப்படியிருந்தாலும், முன்பதிவு செய்பவர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: படத்தில் பார்த்து வரிசையில் நின்ற வண்டியும், கடைசியில் கைக்கு வரும் வண்டியும் ஒன்றாக இருக்கப்போவதில்லை, விலையும் அப்படித்தான்.

பணத்தைப் பற்றி ஆதரவாளர்களிடையே நிலவும் பெரிய மாயை, முன்பதிவு கூடக் கூட வண்டி பக்கத்தில் வருகிறது என்பது. ஆப்டெராவுக்குச் சுமார் 50,000 முன்பதிவுகள் சேர்ந்தன. தலைக்கு 100 டாலர் என்றே வைத்துக்கொண்டாலும் அது 50 லட்சம் டாலர். உற்பத்தியைத் தொடங்க இன்னும் சுமார் 6 கோடி டாலர் வேண்டும் என்று நிறுவனமே பின்னர் சொன்னது. பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் முன்பதிவுப் பணத்தால் வராது. முன்பதிவுப் பட்டியல் என்பது பெருமுதலாளிகளிடம் காட்டுவதற்கான சான்று, அவ்வளவுதான். 2016இல் டெஸ்லா தன் 'மாடல் 3' காருக்கு 1,000 டாலர் வீதம் பதிவு செய்யச் சொன்னபோது, ஒரே வாரத்தில் 3,25,000 பேர் பதிவு செய்தார்கள். அதை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள், அப்போது டெஸ்லாவிடம் ஏற்கெனவே ஒரு பெரிய தொழிற்சாலையும், சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களும் இருந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்து எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன, அவற்றை ஆதரவாளர்கள் கூட்டத்தில் சொன்னால் முகம் சுருங்கும். அரிசோனாவின் ஈலியோ மோட்டார்ஸ் 6,800 டாலர் விலையில், ஒரு காலன் பெட்ரோலுக்கு 84 மைல் ஓடக்கூடிய மூன்று சக்கர வண்டியைத் தருவதாகச் சொல்லி 65,000க்கு மேற்பட்ட முன்பதிவுகளைச் சேர்த்தது. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுச்சென்ற தொழிற்சாலையில் இடமும் பிடித்தது. உற்பத்தி தொடங்கவே இல்லை. ஜெர்மனியின் ம்யூனிக்கில் இருந்த சோனோ மோட்டார்ஸ் இன்னும் நெருக்கமான உவமை, ஏனெனில் அவர்களுடைய சியோனும் உடலெங்கும் மின்தகடு போர்த்திய கார்தான். 2019 டிசம்பரில் தொடங்கி 50 நாள்களில் ஆதரவாளர்களிடம் மட்டுமே 5 கோடியே 30 லட்சம் யூரோவுக்கு உறுதிமொழி திரட்டினார்கள். 2021 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலானார்கள். 2022 டிசம்பரில், 3,500 பேர் காரின் முழு விலையையும் முன்கூட்டியே செலுத்தினால் திட்டத்தைக் காப்பாற்றலாம் என்று மீண்டும் ஆதரவாளர்களிடமே வந்தார்கள். 2023 பிப்ரவரி 24 அன்று சியோன் திட்டம் கைவிடப்பட்டது. சுமார் 300 பேர் வேலை இழந்தார்கள். வரிசையில் நின்ற தனிநபர்கள் ஏறத்தாழ 21,000 பேர்.

சோனோவின் கதையை நான் பலமுறை திரும்பப் படித்தேன். அந்த நிறுவனர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. வெளிப்படையாகத்தான் நடந்துகொண்டார்கள், எவ்வளவு பணம் குறைகிறது என்று சொல்லித்தான் கேட்டார்கள். கவனிக்க வேண்டியது வேறு. பெருமுதல் கிடைக்காதபோது நிறுவனம் திரும்புவது ஏற்கெனவே அன்பு காட்டியவர்களின் பக்கம், கேட்கும் தொகையோ முன்பைவிடப் பல மடங்கு. முதலில் 500 யூரோ, பிறகு முழு விலை. ஆகவே, இரண்டாம் முறை கேட்டால் என்ன செய்வேன் என்பதை முதல்முறை கொடுக்கும்போதே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். கெடு நெருங்கும் அந்த 50 நாள்களுக்குள் உட்கார்ந்து நிதானமாக முடிவெடுக்க எந்த ஆர்வலராலும் முடியாது. இது புதிய நோயுமில்லை. 1940களின் இறுதியில் சிகாகோவில் பிரெஸ்டன் டக்கர், இன்னும் உற்பத்தியாகாத தன் காருக்கான வானொலி, இருக்கை உறை, பயணப்பெட்டி ஆகியவற்றை முன்கூட்டியே விற்று, வாங்கியவர்களுக்கு வரிசையில் இடம் உறுதி என்றார். அது விசாரணைக்கு உள்ளாகி வழக்காயிற்று. 1950இல் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார், ஆனால் அதற்குள் கதை முடிந்திருந்தது. உருவான கார்கள் மொத்தம் 51.

ஆப்டெராவும் என்னிடம் இரண்டாம் முறை வந்தது. 2023 தொடக்கத்தில், குறைந்தது 10,000 டாலர் முதலீடு செய்பவர்களுக்கு முதல் 2,000 வண்டிகளில் ஓரிடம் என்று ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். நான் எழுதி வைத்திருந்த எல்லையை எடுத்துப் பார்த்தேன், சேரவில்லை. ஆனால் மனைவியோடு பேசி, மிகச் சிறிய தொகைக்குப் பங்கு வாங்கினேன். அமெரிக்காவில் 2015 முதல் நடைமுறையில் உள்ள ஒரு விதியின்படி, சாதாரண மக்களும் இப்படிப்பட்ட தொடக்கநிலை நிறுவனங்களில் நேரடியாகப் பங்கு வாங்கலாம். பெருஞ்செல்வர் அல்லாதவர்கள் தங்கள் ஆண்டு வருமானம் அல்லது நிகரச் சொத்து, இரண்டில் எது அதிகமோ அதில் 10 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அந்த 10 சதவீதமே எனக்கு அச்சமூட்டும் அளவு பெரியது. நான் அதன் கால்வாசியின் கால்வாசிக்கும் கீழே நின்றேன்.

பங்கு வாங்கியதில் எனக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம், கணக்கறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்டது. இந்த விதியின் கீழ் பணம் திரட்டும் நிறுவனங்கள் தணிக்கை செய்த ஆண்டறிக்கையையும் அரையாண்டு அறிக்கையையும் அரசிடம் தாக்கல் செய்தாக வேண்டும்; யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் மூன்றே இடங்களைத் தேடுவேன். கையிருப்பு எவ்வளவு, ஆறு மாதத்தில் செலவானது எவ்வளவு, அப்படியானால் இன்னும் எத்தனை மாதம் தாங்கும், நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதில் கணிசமான ஐயம் இருப்பதாகத் தணிக்கையாளர் எழுதியிருக்கிறாரா. கடைசி வரியைப் பார்த்து நான் முதலில் பதறிப்போனேன். தொடக்கநிலை நிறுவனங்களின் அறிக்கையில் அது அடிக்கடி தென்படும் வரிதான் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும், அடிக்கடி தென்படுவதால் அது பொய்யாகிவிடாது. மானியங்களையும் இப்படியே படிக்க வேண்டும். கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையம் ஆப்டெராவுக்கு 2 கோடியே 19 லட்சம் டாலர் மானியம் ஒதுக்கியபோது நாங்கள் இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம். நிறுவனம் தன் பங்குக்குப் பணம் போட்டு வேலையை முடித்துக் காட்டினால்தான் அத்தகைய மானியம் படிப்படியாகக் கைக்கு வரும் என்பதைக் கொண்டாட்டத்துக்குப் பிறகுதான் படித்தேன்.

இன்னொன்று: வாங்கிய பங்கை நினைத்த நேரத்தில் விற்க முடியாது. 2025 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலாகும் வரை, எங்கள் பங்குகள் சட்டத்துக்குச் சொத்து, நடைமுறைக்குப் படம். அந்தக் காலத்தில் வேலை போயிருந்தால் அந்தப் பணம் எனக்கு உதவியிருக்காது.

இனி என் சொந்தத் தவறுகள். முதலாவது, பழைய காரை மாற்றாமல் இழுத்தடித்தது. நான் முன்பதிவு செய்தபோது 2021இலேயே உற்பத்தி தொடங்கும் என்பது திட்டம். இன்னும் ஓராண்டுதானே என்று டைமிங் பெல்ட்டைத் தள்ளிப்போட்டேன், சஸ்பென்ஷன் வேலையைத் தள்ளிப்போட்டேன். 2023 கோடையில், பிள்ளைகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு எஸ்கொண்டிடோ பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில், நாற்பது பாகை வெயிலில், இழுவை வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் நின்றேன். பழுதுபார்க்க 2,300 டாலர். வராத வண்டிக்காக இருக்கிற வண்டியைப் பட்டினி போட்டது நான்தான். இதில் வேறு யாரையும் குறை சொல்ல இடமில்லை. முன்பதிவு செய்த மறுநாளே, அது நடக்கவே இல்லை என்ற எண்ணத்தோடு அடுத்த ஐந்து ஆண்டுக்கான போக்குவரத்தைத் திட்டமிட வேண்டும். மேலும் அது இரண்டு இருக்கை வண்டி, எங்கள் வீட்டில் நான்கு பேர். இதை மனைவி முதல் நாளே சொன்னாள்.

இரண்டாவது தவறு பெரியது. பரிந்துரை வழியாக வருபவர்களுக்கு முன்பதிவில் 30 டாலர் குறைப்பதாக நிறுவனம் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. என் பரிந்துரையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண் ஏற ஏற எனக்கும் போதை ஏறியது. எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஓய்வுக்காலத்தை நெருங்கியவர். அவரிடம், இந்த வண்டி கட்டாயம் வரும் என்று அடித்துச் சொன்னேன். 2024 பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கலை இலையில் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தவர், "தம்பி, நீங்க சொன்னீங்கன்னுதான் கொஞ்சம் பெரிய தொகையாவே போட்டுட்டேன். எப்ப வருது?" என்றார். நான் அவரிடம் பேசியது 100 டாலர் முன்பதிவைப் பற்றி. அவர் காதில் விழுந்தது முதலீடு. எவ்வளவு என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று இரவே அவர் வீட்டுக்குப் போய், என் கோட்டு அட்டையையும் அரையாண்டு அறிக்கையையும் மேசைமேல் வைத்து, இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு யாருக்கும் நான் பரிந்துரை இணைப்பு அனுப்பியதில்லை. கேட்பவர்களிடம் முதல் வாக்கியமாகவே, எனக்கு இதில் பங்கு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னவுடன் கேட்பவரின் முகத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை வரும். அது வர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் விலகவில்லை என்றால், பணம் அல்லாத வழியில் ஆதரவாளர்கள் செய்யக்கூடியது நிறைய இருப்பதைப் பார்த்தேன். 2022இல் டெஸ்லாவின் மின்னேற்று முனையையே நாட்டுக்கான பொதுத் தரமாக்க வேண்டும் என்று ஆப்டெரா ஒரு மனு தொடங்கியது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டோம். அதே ஆண்டு நவம்பரில் டெஸ்லா தன் முனையின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதற்கு மாறுவதாக அறிவித்தன. எங்கள் கையெழுத்தால்தான் அது நடந்தது என்று சொன்னால் அப்பா சிரிப்பார். ஆனால் ஒரு சிறு நிறுவனம் பெரிய கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டது, கேட்கும் குரலுக்கு நாங்கள் கொஞ்சம் பலம் சேர்த்தோம். அதேபோல, மூன்று சக்கரம் என்பதால் அமெரிக்க மத்திய அரசின் விதிகளில் இது மோட்டார்சைக்கிள் வகையில் சேர்கிறது, கார்களுக்குக் கட்டாயமான மோதல் தரங்கள் இதற்குக் கட்டாயமில்லை. அதனால் மோதல் சோதனைகளின் முடிவை வெளியிடுங்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் ஆதரவுதான். கேட்பவர்களை எதிரிகள் என்று பார்க்கும் சக ஆதரவாளர்களோடு நான் இதற்காக மனக்கசப்பு அடைந்திருக்கிறேன். அது போகட்டும்.

அப்பா தொடர்ந்து கேட்பது ஒன்றே ஒன்று: கம்பெனி மூடிவிட்டால் உதிரிபாகம் யார் தருவார்? 2006இல் தொடங்கிய இதே ஆப்டெரா 2011 டிசம்பரில் ஒருமுறை மூடப்பட்டது என்பதும், 2019இல் பழைய நிறுவனர்களாலேயே மீண்டும் எழுப்பப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியும். 2024 ஜூனில் ஃபிஸ்கர் என்ற மின்சாரக் கார் நிறுவனம் நொடித்துப்போனபோது அந்தக் கார்களை வாங்கியிருந்தவர்கள் தாங்களே சங்கம் அமைத்து, உதிரிபாகத்துக்கும் மென்பொருளுக்கும் அலைந்ததைச் சொன்னேன். "அப்போ முதல் வருஷம் வாங்காதே" என்றார். இதுவரை நான் கேட்ட யோசனைகளிலேயே மலிவானதும் பயனுள்ளதும் அதுதான். என் முறை வந்தாலும் ஓராண்டு பொறுத்து, பிரேக்கும் கண்ணாடியும் சஸ்பென்ஷன் பாகங்களும் எங்கே கிடைக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவதாக இருக்கிறேன்.

சென்ற மாதம் கார்ல்ஸ்பாட் அருகே, சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது, குறுக்குச் சாலையில் அந்த வண்டி ஒன்று என் கண் முன்னால் கடந்து போயிற்று. சோதனை ஓட்டமாக இருக்க வேண்டும். ஓசையே இல்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானது தெரிந்தது. அன்றிரவு அப்பாவை அழைத்து, "ஓடுதுப்பா, நானே பார்த்தேன்" என்றேன்.

"யார் ஓட்டினா?"

"கம்பெனிக்காரங்கதான்."

"வாங்கின ஆளு எவனாச்சும் ஓட்டுறானா?"

"இன்னும் இல்லப்பா."

"அப்ப இன்னும் ஓடும்னே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்கான அட்டையில் அந்த வரியை வலப்பக்கத்திலேயே விட்டுவிட்டேன்.